பாலை நிழல் தரும் காடு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



உயர்தர வகுப்பில் ஒருநாள் ஐந்திணை நடந்துகொண்டிருந்தது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பகுப்பை விளக்கிவிட்டு, "பாலைத் திணைக்குரிய மரங்கள் எவை?" என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "உழிஞை, பாலை, ஓமை, இருப்பை சேர்" என்று ஒரே மூச்சிற் சொல்லி முடித்தாள். சரியான விடைதான். பரீட்சையிற் புள்ளி நிச்சயம்.

"பாலை மரத்தைக் கண்டிருக்கிறாயா பிள்ளை?" என்றேன்.

"இல்லை சேர். அது பாலைவனத்திலை நிக்கிற மரமெல்லே?"

வகுப்பு அவள் பக்கம் நின்றது. எனக்குத்தான் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் ஊர் இரணைப்பாலை. தன் பெயருக்கும் முகவரிக்கும் இடையில் நாள்தோறும் அவள் எழுதும் சொல்லில் அந்த மரம் நிற்கிறது. வகுப்பறை யன்னலுக்கு அப்பால், வயல்வெளியைக் கடந்து, கருநீலக் கோடாகத் தெரியும் காட்டிலும் அதே மரம் நிற்கிறது. புத்தகத்துப் பாலை அவளுக்குத் தெரியும். ஊரின் பாலை தெரியாது.

அன்று மாலை வீடு திரும்பும்போது எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். வன்னிக் காட்டைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு எங்கே இருக்கிறது? கல்வெட்டுகள் சில உண்டு, வெள்ளைக்காரத் துரைமாரின் அறிக்கைகள் பல உண்டு. ஆனால் காடே எழுதி வைத்திருக்கும் வரலாறு ஒன்று உண்டு. அதை வாசிக்கும் நெடுங்கணக்கை எனக்குக் கற்றுத்தந்தவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லர், என் அப்பு. இன்றைய உரை அந்த நெடுங்கணக்கைப் பற்றியது.

இரண்டு பாலைகள்

முதலில் அந்த மாணவிக்குரிய விடையைச் சொல்லிவிடுகிறேன். தமிழிலக்கணம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆகவே பாலை என்பது மணற்பரப்பு அன்று. கோடையிற் காய்ந்து இலையுதிர்த்து நிற்கும் காடும் பாலைதான். நம் வன்னியில் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை காட்டுப் பாதையில் நடந்து பார்த்தவருக்கு இந்த இலக்கணத்துக்கு உரை வேண்டியதில்லை.

அந்தத் திணைக்குப் பெயர் தந்த மரத்தைத் தாவரவியலார் பலர் வெட்பாலை என்று கொள்வர். அது கோடையில் இலையுதிர்ப்பது. நாம் வன்னியிற் பாலை என்று அழைப்பது வேறொரு மரம். தமிழகத்தில் அதனை உலக்கைப்பாலை என்பார்கள். இரண்டையும் கீறினாற் பால் வடியும். பெயரொற்றுமைக்கு அதுவே காரணமாகலாம். ஆனால் குணம் நேரெதிர். இலக்கியத்துப் பாலை வெயிலில் இலையை உதிர்க்கும்போது, வன்னிப் பாலை அதே வெயிலிற் கரும்பச்சைக் குடைபிடித்து நிற்கும். அதுமட்டுமன்று. காண்டாவனம் கழிந்து சோளகம் சுழன்றடிக்கும் வைகாசி, ஆனி மாதங்களிற்றான் அது பழுக்கிறது. மஞ்சள் மணிகள் போன்ற பழம். அதிகம் உண்டால் உதடு பாலில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே உதட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு காட்டுக்குப் போவோம். மிஞ்சிய பழத்தைக் காய்ச்சிப் பாணியாக்கிச் சேமித்த குடும்பங்கள் இருந்தன. முல்லைத்தீவு மாவட்டத்தில் பாலைப்பாணி என்று ஓர் ஊரே உண்டு. பழக்காலத்தில் கண்டி வீதியோரம் மாங்குளம், புளியங்குளம் பக்கங்களிற் பேணிக் கணக்கிற் பாலைப்பழம் விற்பதைப் பயணம் செய்த நேயர்கள் கண்டிருப்பீர்கள். நமக்கு முன்னே மரமேறிக் காத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரும் உண்டு. அவர் கரடியார்.

காட்டின் கட்டமைப்பு

வன்னிக் காடு முழுவதும் இலையுதிர்க்கும் காடு அன்று, முழுவதும் பசுமை மாறாத காடும் அன்று. இரண்டும் கலந்தது. அதன் பெருந்தூண்கள் பாலையும் வீரையும். இவை இரண்டும் கோடையிலும் இலை தாங்குவன. இடையிடையே முதிரை, சவண்டலை, கொன்றை, ஆத்தி, தணக்கு, ஒதி முதலியன நிற்கின்றன. இவை வெயிலின் கடுமை கண்டு இலையைக் கழற்றிவிட்டு மழைக்குக் காத்திருப்பன. நிழலிற் கருங்காலி. ஆற்றோரங்களில் மருது. வெளியான இடங்களில் விளாத்தி, நாவல், ஈச்சு, காரை, சூரை. மழை பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைதான். அந்த மூன்று மாதத்து நீரை ஆண்டு முழுவதும் எப்படிச் செலவிடுவது என்பதில் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு சிக்கனம் பழகியிருக்கிறது. இலையைத் தடிப்பாக்கி நீரைக் காப்பது பாலையின் வழி. இலையையே துறந்துவிடுவது முதிரையின் வழி.

இப்பெயர்களைச் சொல்லும்போது இரண்டு செய்திகளை ஒரு தமிழாசிரியனாகக் கவனிக்கிறேன். ஒன்று, இவற்றுட் பல கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இடம்பெற்ற தொண்ணூற்றொன்பது பூக்களின் வரிசையில் உள்ளன. காயா, மருதம், பாலை, முல்லை, தணக்கம், கொன்றை, ஆத்தி, குருந்தம், வில்வமாகிய கூவிளம் எல்லாம் அங்கே உண்டு. அந்தப் பட்டியலை மனனம் செய்து மறந்துபோகும் மாணவர், அதன் உயிருள்ள பிரதி ஒன்று தமக்குப் பின்னால் நிற்பதை அறிவதில்லை. மற்றது, சில சொற்கள் கடல் கடந்தபோது பொருளும் மாறியுள்ளன. பழந்தமிழில் முதிரை என்றாற் பயறு வகை. வன்னியில் முதிரை என்றால் பொன்னிற வைரமுள்ள பெருமரம். இன்னொன்றும் உண்டு. நாம் பாலை என்பதைச் சிங்கள மக்கள் பலு என்கிறார்கள். நாம் வீரை என்பதை அவர்கள் வீர என்கிறார்கள். காட்டின் இரு பெருந்தூண்களுக்கும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பெயர். யார் யாரிடமிருந்து பெற்றனர் என்று வழக்காடுவதற்கு அல்ல, ஒரே நிழலில் இருந்து கேட்ட பெயர்கள் இவை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஊர்ப்பெயர் என்னும் ஏடு

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றி ஒரு கைந்நூல் வெளியிட்டார். இவ்வூர்ப்பெயர்கள் அவரது கவனத்தையும் ஈர்த்தன. நாமும் சிலவற்றைச் சொல்லிப் பார்ப்போம்.

புளியங்குளம், பூவரசங்குளம், வேப்பங்குளம், ஈச்சங்குளம், வன்னிவிளாங்குளம், நொச்சிமோட்டை, பாலமோட்டை, மருதோடை, மூங்கிலாறு, கூழாமுறிப்பு.

என்ன தெரிகிறது? பெரும்பாலான பெயர்கள் இரண்டு சொற்களாலானவை. முன்னது ஒரு தாவரம். பின்னது ஒரு நீர்நிலை. குளம் என்பது மனிதன் கட்டியது. மோட்டை என்பது மழைநீர் தேங்கும் பள்ளம். ஓடையும் ஆறும் ஓடும் நீர். மரமும் நீரும் சேர்ந்தால் வன்னியில் ஓர் ஊர். இவ்வளவு சுருக்கமான வரலாற்றுக் குறிப்பை எந்த அதிகாரியும் எழுதவில்லை.

இவற்றுள் மிகவும் பொருள் பொதிந்த சொல் முறிப்பு என்பதே. கூழாமுறிப்பு, தண்ணிமுறிப்பு, கருப்பட்டமுறிப்பு, மூன்றுமுறிப்பு என்று வன்னியிற் பல முறிப்புகள் உண்டு. முறிப்பு என்றால் உடைந்துபோன குளக்கட்டு. ஒரு காலத்திற் குளம் இருந்தது, கட்டு உடைந்தது, கட்டுவார் இல்லாமற் போயினர், உடைந்த கட்டில் மரம் முளைத்தது, பின்னர் வந்தவர்கள் அந்த உடைவையே பெயராக வைத்து அங்கே குடியேறினர். ஒரே சொல்லில் ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சியும் அடுத்த குடியேற்றமும் அடங்கிவிட்டன.

ஆம், நேயர்களே. நாம் ஆதிகாலந்தொட்டு மனிதர் தீண்டாத காடு என்று எண்ணும் இந்த வன்னிக் காட்டின் பெரும்பகுதி, பழைய ஊர்களின்மேல் வளர்ந்தது. 1215இல் மாகனின் படையெடுப்போடு பொலநறுவை வீழ்ந்ததும், வடக்கின் பெருங்குளங்களைப் பேணிய அரசும் சிதறியது. பராமரிப்பு நின்றது, குளங்கள் உடைந்தன, மலேரியா பரவியது, மக்கள் விலகினர். அதன்பின் வன்னிச் சிற்றரசர் காலத்தில் ஊர்கள் சிறு குளங்களைச் சுற்றிச் சுருங்கின. நடுவிலிருந்த வெளியைக் காடு எடுத்துக்கொண்டது. 1679இல் கண்டி இராச்சியத்துச் சிறையிலிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ், அநுராதபுரத்தைக் கடந்து ஆற்றோரமாகவே காட்டுக்குள் நடந்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். மாநகரத்துக்கு நீர் காவிய ஆற்றங்கரை, நான்கு நூற்றாண்டுக்குப் பின் ஒளிந்து செல்லும் பாதையாகியிருந்தது.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. 1885இற் காட்டுச் சட்டம் வந்தது. சேனை வெட்டுவதற்கு அனுமதி பெறவேண்டிய நிலை உண்டானது. அதே வேளையில் முதிரையும் கருங்காலியும் சவண்டலையும் மரக்கலமேறின. பேராதனையில் 1833இல் முற்றிலும் முதிரை மரத்தாற் கட்டப்பட்ட பாலம் 1905 வரை நின்றது என்றால் அந்த மரத்தின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். சவண்டலையைத் திருகோணமலை மரம் என்ற பெயரிலே சென்னைப் படகு கட்டுவோர் விரும்பி வாங்கினர்.

பாலையின் கதை இவற்றினும் நீண்டது. கல்லை ஒத்த அதன் வைரம் புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகியது. 1905இல் வடபகுதிப் புகையிரதம் வன்னியூடாக ஓடத் தொடங்கியது. 1990இல் யுத்தம் அதை நிறுத்தியது. அதன்பின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிழலுக்கு நின்ற மரம், பாதைக்குப் படுத்த மரம், இறுதியில் எறிகணைக்குத் தலை கொடுத்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டபோது கீழே கிடந்தவை கொங்கிரீட் கட்டைகள்.

குளங்களும் திரும்பக் கட்டப்பட்டன. ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885இல் இரணைமடுவுக்கு ஒரு திட்டம் வரைந்தார். 1902இல் வேலை தொடங்கியது. அவரே 1909இல் வெளியிட்ட நூலில், காட்டுக்குட் புதைந்து கிடந்த வவுனிக்குளத்தைக் கிறிஸ்துவுக்கு முற்பட்டதெனக் கருதினார். அக்குளம் 1950களிற் புனரமைக்கப்பட்டது. 1936இற் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய கிளிநொச்சி இன்று ஒரு மாவட்டத்தின் தலைநகர். அதன் பெயரிலும் ஒரு செடி நிற்கிறது. மதிலைக் காக்கும் வீரர் சூடும் பூ நொச்சி என்பது புறத்திணை மரபு. அந்த நகரம் எத்தனை தடவை காக்கப்பட்டது, எத்தனை தடவை வீழ்ந்தது என்பதை இந்தத் தலைமுறைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பு படித்த கட்டைகள்

எங்கள் ஊர் நெடுங்கேணிப் பக்கம். அப்பு சேனை செய்தவர், தேன் எடுத்தவர். காட்டுக்குள் நுழையும்போது ஒரு குழையை முறித்துக் கொப்பிலே தொங்கவிட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடியெடுத்து வைப்பார். "இது ஆருக்கு அப்பு?" என்று கேட்டால், "காட்டுக்குச் சொந்தக்காரருக்கு" என்பார். பிள்ளையாரோ ஐயனாரோ, பெயர் சொல்லமாட்டார். காட்டுக்குள் போனபின் பாடம் தொடங்கும்.

"புளியைக் கண்டால் நில்லு. அது தானாய் வந்த மரமில்லை. அதுக்குப் பக்கத்திலை கிணறோ துரவோ தேடு. இலுப்பையைக் கண்டால் கோயில் தேடு. மருது வரிசையாய் நிண்டால் ஆறு, இல்லாட்டிப் பழைய வாய்க்கால். விடத்தலும் ஆத்தியும் அடர்ந்து கிடந்தால் அது ஆரோ ஒருதன் விட்டுப்போன சேனை. பாலையும் வீரையும் ரெண்டுபேர் கட்டிப்பிடிக்கிற பருமனிலை நிண்டால், அதிலை கத்தி வையாதை. அது உன்ரை பூட்டனுக்கும் பூட்டன்."

இது வெறும் அனுபவ மொழி அன்று. புளி ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது என்றும், மனிதரோடு பயணம் செய்து ஆசியாவெங்கும் பரவியது என்றும் தாவரவியல் கூறுகிறது. இலுப்பை எண்ணெய் கோயில் விளக்குக்கு உரியது. ஆகவே அதை ஊரார் நட்டு வளர்த்தனர். மரங்களை வைத்தே மறைந்துபோன குடியிருப்புகளைக் காணலாம் என்பதைப் பின்னாளிற் புத்தகத்திற் படித்தபோது, அப்புவின் குரல்தான் எனக்குக் கேட்டது.

1997 மே மாதம் நாங்கள் ஊரைவிட்டுப் போனோம். எனக்கு அப்போது பதினான்கு வயது. அதன்பின் வாழ்ந்த இடங்களை எண்ணினால் இந்த உரைக்கு நேரம் போதாது. கொட்டில் போட நாங்களும் காட்டுத்தடி வெட்டினோம். அடுப்புக்கும் பதுங்குகுழிக்கும் வெட்டினோம். ஒவ்வொரு இடத்திலும் அப்பு குழை முறித்துப் போட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். "வாடகை" என்பார்.

2009இல் வவுனியாவுக்கு மேற்கே, காடு வெட்டி வெளியாக்கிய ஒரு முகாமில் இருந்தோம். கூடாரங்களுக்கு இடையே நிழல் என்பது அரிய பொருள். அப்பு அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். நிலத்தில் அறுத்துவிட்டிருந்த அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாய்க் குனிந்து தடவினார்.

"இது வீரை. வட்டமாயில்லை, பார், மடிப்பு மடிப்பாய் இருக்குது. இது பாலை. நகத்தாலை கீறு பாப்பம், ஏலாது. இது முதிரை. மஞ்சள். மணந்து பார், இன்னும் வாசம் போகேல்லை."

வேலி வரையிலும் போய்த் திரும்பினோம். பின்பு அவர் சொன்னார்:

"புளியங்கட்டை ஒண்டும் காணேல்லைத் தம்பி. இதிலை முந்தி ஒருக்காலும் ஊர் இருக்கேல்லை. நாங்கள்தான் முதல் குடி."

குழை முறித்துப் போடுவதற்கு அங்கே குழை இருக்கவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த மழைக்கு முன் காலமானார்.

காணியும் காடும்

2011இல் ஊருக்குத் திரும்பினோம். வழி தெரியவில்லை. பதினான்கு ஆண்டிற் காடு வளவை எடுத்துவிட்டிருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுச் செடியாக இந்நாட்டுக்கு வந்த நாயுண்ணி வாசலை அடைத்திருந்தது. அதற்கப்பால் விடத்தலும் சூரையும். வீடிருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஆத்தியும் கொன்றையும். அவற்றின் நிழலிற் குருவி எச்சத்தில் முளைத்த வீரைக் கன்றுகள். 13ஆம் நூற்றாண்டில் நடந்ததென்று நான் பாடஞ் சொல்லும் கதையை என் சொந்த வளவிற் கண்ணாற் கண்டேன். புளி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. "புளியைக் கண்டால் கிணறு தேடு" என்ற பாடம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு அடி தள்ளிக் கிணறு இருந்தது.

புளிக்கு அப்பால் எங்கள் பழைய சேனைக்காணியின் ஓரத்தில் ஓர் எல்லைக்கல் நடப்பட்டிருந்தது. அதற்கு அப்பாலுள்ளது காடு என்பது அதன் பொருள். வன்னியிற் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. உறுதி எரிந்துபோனது, வரைபடம் இல்லை, சாட்சி சொல்லக்கூடிய முதியவர் இல்லை. உத்தியோகத்தர் மரத்தைக் காட்டுகிறார். காணிக்காரர் நினைவைக் காட்டுகிறார்.

இவ்விடத்தில் ஒருபக்கமாகப் பேசுவது எனக்கு எளிது. ஆனால் அப்பு விடமாட்டார். யுத்தம் ஓய்ந்தபின், வளவுக்காக மட்டுமல்ல, விறகுக்கும் பலகைக்கும் பணத்துக்குமாக, இருவர் கட்டிப்பிடிக்கும் பாலைகள் நம்மவர் கையாலும் சாய்ந்தன. அதைச் சொல்லாமல் எல்லைக்கல்லை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது.

என் கருத்து இதுதான். காணி வழக்கிற் பொய் சொல்லாத சாட்சி ஒன்று உண்டென்றால் அது காடு. புளியும் கிணறும் நின்று, சுற்றிலும் விடத்தலும் இளம் ஆத்தியும் அடர்ந்திருந்தால், அது ஒருவருடைய வளவு. எந்தக் கல் நட்டாலும் அது ஊர்தான். பாலையும் வீரையும் பெருந்தூணாய் நின்று, கருங்காலி நிழலில் இருந்தால், அது பழங்காடு. எந்த உறுதி காட்டினாலும் அதிற் கத்தி வைக்கலாகாது. முன்னது மனிதருக்குத் திரும்ப வேண்டியது. பின்னதை வெட்டிவிட்டால் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் திரும்பாது. இரண்டையும் பிரித்தறிய உத்தியோகத்தருக்கும் தெரியவேண்டும், காணிக்காரருக்கும் தெரியவேண்டும். தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சாட்சி நிற்கிறது. அதன் மொழி தெரிந்தவர்தாம் குறைகிறார்கள்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயிலின் தலவரலாறு நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். தினை வகைத் தானியம் அறுத்தபின் எஞ்சிய ஒட்டுக்குத் தீ வைத்தபோது, வேகாது நின்ற இடத்திற் சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது ஐதிகம். ஒட்டுச் சுட்டதால் ஊர் ஒட்டுசுட்டான், வேகாமல் நின்றதால் வேகாவனம். சேனைத் தீயின் நடுவே, "இதுவரை சுடலாம், இதற்கப்பாற் சுடலாகாது" என்று ஓர் எல்லை இருந்ததை நம் முன்னோர் கதையாக்கி வைத்தனர் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

ஒரு வீட்டுவேலை

மறுவாரம் அந்த வகுப்புக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். உங்கள் ஊர்ப்பெயரைப் பிரித்து எழுதுக. அதில் மரம் இருந்தால், அந்த மரத்தை வீட்டிலுள்ள வயதான ஒருவரோடு போய்ப் பார்த்து வருக. புத்தகம் பார்க்கக் கூடாது, கைத்தொலைபேசியும் பார்க்கக் கூடாது.

இருபத்தாறு பேரிற் பதினொரு பேர் மரத்தைக் கண்டு வந்தார்கள். சிலர் இலையும் கொண்டு வந்தார்கள். நான்கு பேரின் ஊரில் அந்தப் பெயர் மரம் இப்போது ஒன்றும் இல்லை. மற்றவர்களின் ஊர்ப்பெயரில் மரம் இல்லை, அல்லது வீட்டிற் கேட்பதற்கு வயதானவர் இல்லை. அந்தக் கடைசி விடையை எழுதிய கொப்பிக்கு எப்படிப் புள்ளி போடுவதென்று நெடுநேரம் யோசித்தேன்.

இரணைப்பாலைப் பிள்ளை தன் அம்மம்மாவைக் கேட்டு வந்திருந்தாள். இரணை என்றால் இரட்டை, இரட்டைப் பாலை நின்ற இடம் என்று அம்மம்மா சொன்னாவாம். காட்டோரம் கூட்டிப்போய் ஒரு பாலையையும் காட்டினாவாம். அவள் ஒரு இலையைக் கொப்பியில் ஒட்டியிருந்தாள். ஒட்டுவதற்குப் பசை தேவைப்படவில்லை, காம்பில் வடிந்த பாலே போதுமாயிருந்தது என்று கீழே எழுதியிருந்தாள். பின்பு எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், பாலைக் கொட்டையை நட்டால் எத்தினை வருசத்திலை பழுக்கும்?"

எனக்கு விடை தெரியவில்லை. பாலையை நட்ட மனிதர் எவரையும் நான் கண்டதில்லை. குருவியும் கரடியுமே நட்டு நாம் தின்று வந்தோம். "உன்ரை அம்மம்மாவைக் கேட்டுக்கொண்டு வா" என்றேன். அப்பு இருந்திருந்தால் நானும் வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பேன்.

நேயர்களே, உங்கள் ஊர்ப்பெயரிலும் ஒரு மரம் நிற்கக்கூடும். கேட்பதற்கு வீட்டில் ஒருவர் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.